ஹாப்ஸ் போடாத கல்யாண பீர்

நெவில் ராட்டிரேயின் கராஜில் தொண்ணூறு லிட்டர் பீர் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் மகள் ஷோனா கல்யாணச் செய்தியோடு வந்து நின்றாள். ஆகஸ்ட் மாதம், எங்கள் பக்கத்தில் அது குளிர்காலம், சனிக்கிழமை மத்தியானம். வேலிக்கு அந்தப் பக்கம் என் மாடுகள், இந்தப் பக்கம் அவர்கள் வீடு. கன்று போடும் மாதம் என்பதால் நான் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. சூடான இடம் எங்கே கிடைத்தாலும் போய் நின்றுகொள்வேன். அன்றைக்குக் கிளென்பர்ன் ஊரிலேயே சூடான இடம் நெவிலின் கராஜ்தான்.

நெவில் பால் டாங்கர் ஓட்டுகிறவர். என் பண்ணைப் பாலையும் அவர்தான் எடுத்துப்போவார். ஆனால் ஊரில் யாரும் அவரை டிரைவர் என்று சொல்வதில்லை, பீர் நெவில் என்றுதான் சொல்வார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை அவரே அரைப்பார், வெந்நீரில் ஊறவைப்பார், சாறு இறக்குவார், கொதிக்கவைப்பார். கொதிக்கும்போது ஹாப்ஸ் பூவைப் போடவேண்டும். பீருக்குக் கசப்பும் வாசனையும் அந்தப் பூவால் வருவதுதான். அதை எந்த நிமிஷத்தில் எவ்வளவு போடுவது என்பதற்குச் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தார். கழுத்தில் ஒரு விசில். நேரம் வந்ததும் அவரே விசில் ஊதுவார், அவரே "சரி சரி" என்று பதில் சொல்லிவிட்டுப் போடுவார்.

அன்று விசில் வாயில் இருந்தது. ஊத வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போதுதான் ஷோனா உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஹோனே வைட்டிரி, கதவு இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். ஹோனே டீசல் மெக்கானிக். அக்டோபர் முதல் வாரம் அண்டார்டிகா தளத்துக்கு வேலைக்குப் போகிறான் என்பது ஊருக்கே தெரியும். ஐந்து மாதம் திரும்பி வரமாட்டான்.

"அப்பா, அவன் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சுடலாம்னு இருக்கோம்."

நெவில் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே, "எதை?" என்று கேட்டார். அந்த "எதை" கீச்சென்று வந்தது.

"கல்யாணத்தைத்தான். செப்டம்பர் இருபத்தெட்டு."

விசில் நீளமாக ஒரு சத்தம் போட்டது. நெவில் அதை ஊதினாரா, அல்லது மூச்சு முட்டி அது தானாக வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. சமையலறையிலிருந்து அவர் மனைவி மொய்ரா ஓடிவந்தாள், கையெல்லாம் சீஸ் ரோல் மாவு. ஹோனேயின் கறுப்புச் சட்டையில் ஐந்து விரல் வெள்ளையாகப் பதிந்தது. நெவில் மகளைத் தூக்கினார், முதுகு பிடித்துக்கொண்டது, இறக்கிவிட்டார், மறுபடி தூக்கினார். பிறகு கொதிக்கும் அண்டாவைக் காட்டி, "இதுதான்! இதுதான் கல்யாண பீர்! இந்த ஜில்லாவிலயே எந்தக் கல்யாணத்துலயும் இப்படி ஒரு பீர் கொடுத்திருக்க மாட்டாங்க!" என்று கத்தினார்.

அந்தக் களேபரத்தில் மணி ஓடியது. அண்டாவை இறக்கினார், ஆறவைத்தார், ஈஸ்ட் போட்டார், மூடினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுவாரம் நெவிலுக்குச் சளி பிடித்தது. மூக்கு சிமெண்ட் வைத்த மாதிரி அடைத்துக்கொண்டது. நுரை அடங்கியபின் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மூக்கின் குற்றம் என்று முடிவுகட்டி, ஐந்து பீப்பாய்களில் நிரப்பி, காற்றேற்றி மூடிவிட்டார். வேறு யாரையாவது ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணப் பெண்ணை மாப்பிள்ளை முன்னாடியே பார்க்கக்கூடாது, கல்யாண பீரும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். அதற்குள் தபால் நிலையத்தில், ஆட்டுச் சந்தையில், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே, எல்லா இடத்திலும் கல்யாண பீர் பற்றிச் சொல்லி முடித்திருந்தார்.

ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லவில்லை. அது சம்பந்தியம்மா.

ஹோனேயின் அம்மா ரேவின் வைட்டிரி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தோட்டத்தில் துணி துவைக்கிற கொட்டகை ஒன்று வைத்திருக்கிறாள், ஆனால் அதில் துணி துவைத்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே ஒரு வாலை நிற்கிறது, சாராயம் வடிக்கிற பாத்திரம். இடித்த வீடு ஒன்றிலிருந்து கிடைத்த பழைய செம்பு வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வைத்து, வளைந்த குழாய் வைத்து, மகனைக் கொண்டு பற்றவைத்து அவள் செய்தது. எங்கள் நாட்டில் தன் உபயோகத்துக்கு வீட்டில் வடித்துக்கொள்வது குற்றமில்லை. விற்றால்தான் வம்பு.

போன வருஷம் ஊர் பீர் சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். நெவில்தான் ஆரம்பித்தார். "பீரை எடுத்துக் காய்ச்சி வடிக்கிறது, கொழுத்த ஆட்டை அடிச்சு வாலை மட்டும் சமைக்கிற மாதிரி" என்றார்.

ரேவின் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே, "உன் பீரை வடிச்சா வால் மட்டும்தான் மிஞ்சும் நெவில்" என்றாள்.

சங்கமே சிரித்தது. அன்றிலிருந்து அவர் டாங்கரும் அவள் பஸ்ஸும் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலத்தில் எதிரெதிரே வந்தால் யார் பின்வாங்குவது என்று கால்மணி நேரம் நிற்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

செப்டம்பர் பதினான்காம் தேதி காலையில் பீப்பாய் திறக்கும் விழா. சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர், நான், ஹோனே, ஷோனா, எல்லோரும் கராஜில். மொய்ரா சீஸ் ரோல்களை அடுக்கி வைத்திருந்தாள். நெவிலுக்குச் சளி விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. டை கட்டியிருந்தார். குழாயைத் திறந்து முதல் குவளையை மகளுக்குக் கொடுத்தார்.

ஷோனா ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். அவள் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது, ஆனால் அது பல்லோடு நின்றுவிட்டது.

"நல்லா... மெத்துனு இருக்குப்பா" என்றாள்.

எனக்கும் ஒரு குவளை வந்தது. ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சியில் யாரோ சோடா ஊற்றியிருந்தார்கள். தித்திப்பு, மாவு மணம், அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. நாக்கு எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது, அது வரவேயில்லை. சங்கத்துக்காரர்கள் பத்துப் பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

மொய்ரா மட்டும்தான் வாயைத் திறந்தாள். "நெவில், இதுல கசப்பே இல்லையே?"

நெவில் குடித்தார். பிறகு மூலையிலிருந்த உறைபெட்டியைத் திறந்து, ஆட்டுக்கறிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எறிந்தார். பட்டாணிக்கு அடியிலிருந்து மூன்று பச்சைப் பொட்டலம் வந்தது. மூன்றும் பிரிக்காத ஹாப்ஸ்.

எல்லோரும் அந்தப் பொட்டலங்களைக் குனிந்து பார்த்தோம். அப்புறம் ஹோனே மூக்கால் ஒரு சத்தம் விட்டான். அவ்வளவுதான், கராஜே வெடித்தது. நெவில் டையைக் கழற்றி உறைபெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். புதிதாகப் போட்டு இறக்க நாள் இல்லை. கல்யாணத்துக்குச் சரியாகப் பதினான்கு நாள்.

மொய்ரா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் ரேவின் வாசலில் நின்றாள், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் சொந்தக் குவளை.

நெவில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அவளை யாரு கூப்பிட்டது?" என்று உள்ளிருந்தே கத்தினார்.

மொய்ரா, "நான்தான்! அழுதது போதும், வெளிய வா!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

ரேவின் ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எல்லோரும் அவள் ஏளனத்துக்காகக் காத்திருந்தோம். நெவில் கதவருகே வந்து, அடிவாங்கத் தயாரான ஆள் மாதிரி தோளைக் குறுக்கி நின்றார்.

"ஸ்டூ, உன் வண்டி காலியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"காலிதான். ஏன்?"

"நெவில், உனக்குத் தெரியுமா, விஸ்கிக்கு ஊறல் போடறவன் ஹாப்ஸ் பக்கமே போகமாட்டான். ஹாப்ஸ் போட்ட பீரை வடிச்சா வேப்பெண்ணெய் மாதிரி இருக்கும். பார்லியும் தண்ணியும் ஈஸ்ட்டும் மட்டும்தான் வேணும். இருபது வருஷமா நான் போடற ஊறல் எதுவும் இவ்வளவு சுத்தமா வந்ததில்ல." அவள் குவளையை மறுபடி முகர்ந்தாள். "மடையா, நீ பீர் போடல. தொண்ணூறு லிட்டர் விஸ்கி ஊறல் போட்டிருக்க!"

நெவிலின் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. "சுத்தமாவா இருக்கு?" என்று கேட்டார்.

"அது ஒண்ணுதான் உன் காதுல விழுந்துதா?"

அன்று பிற்பகலே ஐந்து பீப்பாய்களையும் என் வண்டியில் ஏற்றினோம். நெவில் முன்சீட்டில் உட்காரமாட்டேன் என்று பின்னால் பீப்பாய்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முக்கிய வீதியில் போகும்போது கடைக்காரர்கள் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார்கள். அதற்குள் செய்தி பரவிவிட்டது. பீருக்குச் சவ ஊர்வலம் நடத்துகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். நெவில் எழுந்து நின்று, "சாகலடா! சாகல!" என்று கையாட்டினார்.

முதல் வடிப்பு ஞாயிற்றுக்கிழமை. அதில் நுணுக்கம் எதுவும் இல்லை, ஊறலிலிருந்து சாராயத்தைத் தண்ணீரோடு சேர்த்து மொத்தமாக உறிஞ்சி எடுப்பதுதான். வாலையில் ஒரு தடவைக்கு முப்பது லிட்டர் ஊற்றலாம். ஆக மூன்று தடவை. பீரில் ஏற்றிய காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும் என்று ரேவின் எங்களை வாளிக்கு வாளி மாற்றி ஊற்றச் சொன்னாள். ஹோனேயும் நானும் அரைமணி நேரம் ஊற்றினோம். நெவில் ஐந்து நிமிஷம் ஊற்றிவிட்டு, "போதும், காத்தெல்லாம் போயிடுச்சு" என்று தன் பங்கை வாலையில் கவிழ்த்துவிட்டார்.

சூடேறியது. குழாய் முனையில் எல்லோரும் குனிந்து நின்றோம். சொட்டு வரவேண்டிய இடத்தில் ஒரு இருமல் சத்தம் வந்தது. அப்புறம் பழுப்பு நுரை, பாம்பு படம் எடுத்த மாதிரி, குழாயிலிருந்து சீறிக்கொண்டு வெளியே வந்தது. ஜாடி நிறைந்து, மேஜை நிறைந்து, நெவிலின் பூட்ஸுக்குள் இறங்கியது.

"சுவிட்சை அணை! அணைடா!" என்று ரேவின் கத்தினாள். ஹோனே பாய்ந்து அணைத்தான். நுரையில் சறுக்கி, துணி காயப்போடும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து விழுந்தான்.

"காத்து போயிடுச்சுன்னியே!"

"என் பக்கத்துக் காத்து போச்சு ரேவின், அவங்க பக்கத்துதுதான்..."

"எல்லாம் ஒரே பாத்திரத்துல இருக்கு நெவில்!"

மொய்ரா ஒரு மூலையில் உட்கார்ந்து ஹோனேக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமல், "ஜாம் பொங்கினா நான் வெண்ணெய் போடுவேன்" என்றாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். வாலை ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து, நெல்லிக்காய் அளவு வெண்ணெயைப் போட்டு மூடினோம். மறுபடி சூடேற்றினோம். நுரை வரவில்லை. குழாய் முனையில் ஒரு சொட்டு தொங்கியது, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது, விழுந்தது. அப்புறம் அடுத்தது. அப்புறம் நூல் மாதிரி ஓட ஆரம்பித்தது. ரேவின் மொய்ராவின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் மூன்று தடவையும் முடிந்து, இருபது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, கலங்கிய சாராயம் கையில் இருந்தது.

நெவில் அதைப் பார்த்து, "தொண்ணூறு போட்டேன். மீதி எங்க?" என்று கேட்டார்.

"தோட்டத்துல கொட்டியாச்சு. நாளன்னிக்கு இன்னும் குறையும், இப்பவே அழுது வச்சுக்கோ."

இரண்டாவது வடிப்புதான் விஷயமே. அதற்குச் செவ்வாய்க்கிழமைதான் நேரம் கிடைத்தது. காலை ஒன்பதே காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு ரேவின் வருவாள், இரண்டரைக்கு மறுபடி பஸ் எடுக்கவேண்டும். அதற்குள் முடித்தாக வேண்டும். மறுபடி ஓட்ட வேண்டியவள் என்பதால் ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது. ஆனால் அதற்கு நாக்கே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள், மூக்கு போதும். முதலில் வருவதை அப்படியே கொட்டிவிட வேண்டும், அது விஷம். அதற்கடுத்து வருவது தலை, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மாதிரி குத்தும். நடுவில் வருவது நெஞ்சு. கடைசியில் வருவது வால், நனைந்த நாய் நாற்றம். எங்கே தலை முடிகிறது, எங்கே வால் ஆரம்பிக்கிறது என்று மூக்கால் பிடித்து, நெஞ்சை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். இருபத்திரண்டு ஜாடிகளில் எண் ஒட்டி வரிசையாக வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே காலுக்கு ரேவின் வந்தாள். கண் சிவந்திருந்தது. மூக்கு தக்காளி மாதிரி.

"ஒண்ணும் பேசாதீங்க. பஸ்ஸுல முப்பத்திரண்டு பிள்ளைங்க. முப்பத்திரண்டும் என் பிடரில தும்மிடுச்சுங்க" என்றாள். முதல் ஜாடி நிறைந்தது. அவள் முகர்ந்தாள். எங்களுக்கெல்லாம் கண் எரிந்தது. அவள் மறுபடி முகர்ந்தாள். ஜாடியைக் கீழே வைத்தாள். "ஒண்ணும் தெரியல" என்று மெதுவாகச் சொன்னாள்.

வாலை நிற்காது. சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவது ஜாடி பாதி ஆகிவிட்டது. ஹோனேயுடையது டீசலோடு பழகிய மூக்கு, ஒன்றுக்கும் உதவாது. நான் மாட்டுக்காரன். ரேவின் நெவிலைப் பார்த்தாள். நெவில் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"நெவில்."

"எனக்குத் தெரியாது ரேவின். எனக்குப் பீருதான் தெரியும். கெடுத்துட்டா?"

"அரைக் கரண்டி பார்லி எந்த மூட்டைல வந்ததுன்னு வாசனைல சொல்ற ஆள் நீ. போன வருஷம் சங்கத்துல என் விஸ்கியைத் திட்டின பாரு, ஒரு மணி நேரம். வால்ல ஒரு விரக்கடை அதிகமா சேர்த்துட்டேன்னு சொன்ன. உனக்கு எப்படிடா தெரிஞ்சதுன்னு வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தூங்கல. ஏன்னா அது நெசம்." அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "வா. குனி. முகரு."

நெவில் குனிந்தார். இரண்டாவது ஜாடியிலிருந்து தலையைப் பின்னுக்கு இழுத்தார். "கண்ணுல கூர்மையா குத்துது."

"தலை. தள்ளி வை."

மூன்று, நான்கு. "இன்னும் பசை வாசனை." ஐந்து. "பேரிக்காய் மிட்டாய் மாதிரி. நல்லாதான் இருக்கு, ஆனா பொய்யா இருக்கு."

"பொய்யா இருக்கா! மொய்ரா, கேட்டியா? பொய்யா இருக்காம்!" ரேவின் தொடையில் அடித்துக்கொண்டாள். "இருபது வருஷமா எனக்கு இந்த வார்த்தை கெடைக்கல. அதையும் தள்ளி வை!"

ஏழாவது ஜாடியில் நெவில் குனிந்தவர் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. ஆவியால் என்று பிறகு சொன்னார்.

"இது என் பார்லி. அரைக்கும்போது மில்லுல வருமே, சூடா, பிஸ்கட் மாதிரி... அதேதான். நுரை, காத்து, எல்லாம் போயும் அது மட்டும் மிச்சமிருக்கு" என்றார்.

"நெஞ்சு" என்றாள் ரேவின்.

அதற்குப் பிறகு அந்த மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. எட்டாவது ஜாடிக்குத் துள்ளினார். ஒன்பதாவதுக்கு ஹோனேயை இழுத்து வந்து முகரவைத்து, "தெரியுதா? தேன்! தெரியலையா? என்னடா மாப்பிள்ளை நீ!" என்று தலையில் தட்டினார். பத்தாவதில் ஆப்பிள் தோல் என்றார், பன்னிரண்டாவதில் புது ரொட்டி என்றார். ஒரு ஜாடிக்கும் இன்னொரு ஜாடிக்கும் நடுவே தோட்டத்துக்கு ஓடிப்போய்க் காற்றை இழுத்து மூக்கைக் கழுவிக்கொண்டு வந்தார். மொய்ரா ஸ்வெட்டரை மடியில் போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் ஒரு துளி குடிக்கவில்லை, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து பேரும் முழு போதையில் இருப்பதாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

பதினேழாவது ஜாடியில் நெவில் கையைத் தூக்கினார். "நிறுத்து. நாய் வந்துடுச்சு."

மணி ஒன்று ஐம்பது. ரேவின் மேலங்கியை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். வாசலிலிருந்து திரும்பி, "வால் ஜாடிகளைக் கொட்டிடாதீங்க, அடுத்த தடவைக்கு ஆகும்!" என்று கத்தினாள்.

"அடுத்த தடவையா?" என்றார் நெவில். ஆனால் அந்தக் கேள்வியில் பழைய எகத்தாளம் இல்லை.

நெஞ்சுப் பகுதி ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடுப்பில் வறுத்த ஓக் மரத் துண்டுகளை அதில் போட்டு, ரேவின் வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கிற சூடான அலமாரியில் வைத்தோம். பத்து நாள். விஸ்கிக்குப் பத்து நாள் என்பது குழந்தைக்குப் பத்து நிமிஷம் மாதிரி, ஆனால் வேறு வழியில்லை. நெவில் தினம் இரண்டு தடவை டாங்கரை அவள் வாசலில் நிறுத்திவிட்டு ஜாடிகளைக் குலுக்கிப் பார்க்கப் போனார். ஒரு மாடுகூட இல்லாத வீட்டு வாசலில் பால் டாங்கர் என்ன செய்கிறது என்று தெருவே பேசியது. மொய்ராவிடம் ஒருத்தி வந்து தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனாள். மொய்ரா அதைச் சொல்லிச் சொல்லி மூன்று நாள் சிரித்தாள்.

தெளிந்த தண்ணீர் சேர்த்து வீரியத்தைக் குறைத்தபோது மொத்தம் ஏழரை லிட்டர். நிறம் புது வைக்கோல். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நூற்று இருபது பேர்.

"ஆளுக்கு ஒரு விரல் நுனிகூட வராதே" என்றார் நெவில்.

"வரும். ஒரு முட்டைக் கிண்ணம் அளவு வரும்" என்றாள் ரேவின். வேகவைத்த முட்டையை நிறுத்திவைத்துச் சாப்பிடுகிற சின்னக் கிண்ணம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அழைப்பிதழ் போன எல்லா வீட்டுக்கும் ஷோனா செய்தி அனுப்பினாள்: வரும்போது ஆளுக்கு ஒரு முட்டைக் கிண்ணம் கொண்டு வரவும், காரணம் கேட்கவேண்டாம்.

இருபத்தெட்டாம் தேதி கொட்டுகிற மழை. ஊர் மண்டபத்தில் மேஜை முழுக்க ஆட்டுத்தொடை, சிப்பி, ரேவினின் சொந்தக்காரர்கள் பக்கத்துத் தீவிலிருந்து உப்பிட்டுக் கொண்டுவந்த கடற்பறவைக்கறி. குடிக்கக் கடையில் வாங்கிய பீர் பெட்டி பெட்டியாக இருந்தது. அதைப் பார்க்க நேரும்போதெல்லாம் நெவில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முட்டைக் கிண்ணம். கோழி வடிவம், முயல் வடிவம், கால் உடைந்து ஒட்டியது, ராணியின் பட்டாபிஷேக ஞாபகார்த்தம். போலீஸ்காரர் டூகல் விருந்தாளியாக வந்திருந்தார். ஜாடிகளைப் பார்த்துவிட்டு ரேவினிடம் தலை சாய்த்து, "காசு வாங்கறியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப எனக்கு நிறைய ஊத்து." அவர் கிண்ணம் வாத்து வடிவம். அதுதான் அங்கிருந்ததிலேயே பெரியது.

நெவில் பேச எழுந்தார். பாக்கெட்டில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார். முதல் நாள் இரவு எனக்குப் படித்துக் காட்டியிருந்தார். ஆரம்பத்திலிருந்தே விஸ்கிதான் செய்யத் திட்டமிட்டேன், பீர் என்று சொன்னது எல்லோரையும் ஏமாற்றத்தான், என்று அதில் இருந்தது. அதை எடுத்துப் பிரித்தார், பார்த்தார், மறுபடி மடித்து வைத்துவிட்டார்.

"எல்லாருக்கும் தெரியும், நான் மறந்துட்டேன். முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட மறந்ததில்ல. அன்னிக்குக் கையில எடுக்கப்போற நேரம், இவ வந்து கல்யாணம்னா. அதுக்கப்புறம் எனக்கு உலகத்துல ஹாப்ஸ்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் இல்ல." ஷோனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆக, இது என்னோட தப்பு. அதை இந்தம்மா வடிச்சாங்க. வடிக்கிறவங்களைப் பத்தி நான் சங்கத்துல சொன்னதை..." அவர் ரேவினைப் பார்த்தார். "அதுல பாதியை வாபஸ் வாங்கறேன்."

"எந்தப் பாதியை?" என்று ரேவின் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"பெரிய பாதியை!"

மண்டபம் அதிர்ந்தது. நூற்று இருபது முட்டைக் கிண்ணங்கள் உயர்ந்தன. நான் குடித்தேன். இளசுதான், கொஞ்சம் முரட்டுத்தனம் இருந்தது, ஆனால் அதற்கடியில் சூடான பிஸ்கட், அதற்கடியில் தேன், அப்புறம் நெஞ்சுக்குள் மெதுவாக ஒரு விளக்கு. அப்புறம் பாதிரியார் முயல் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு முட்டை இருக்கா?" என்று கேட்டார். மண்டபம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. முட்டை! முட்டை! மிச்சம் ஒரு துளி இல்லை. நெவில் காலி ஜாடியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபோது எழுந்த கூச்சல் மழைச் சத்தத்தையும் மீறியது.

கேக் வெட்டும் நேரம் வந்தபோது இரண்டு பேரைக் காணவில்லை. மொய்ராவும் நானும் தேடிப் போனோம். வாகனங்கள் நிற்கிற இடத்தில் என் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து. அந்த ஆவியில் விரலால் ஒரு பெரிய சாராய வாலையின் படம் வரைந்திருந்தார்கள். ரேவின் பாதியை உள்ளங்கையால் அழித்து மறுபடி வரைந்துகொண்டிருந்தாள்.

"கழுத்து இன்னும் நீளமா இருக்கணும்டா மடையா."

"நீளமா இருந்தா பார்லி வாசனை போயிடும். நான் என்ன பேசறேன்னு எனக்குத் தெரியும்."

"ரெண்டு வாரமா தெரியும்!"

மொய்ரா கதவைத் திறந்தாள். "உள்ள உங்க பிள்ளைங்களுக்குக் கல்யாணம் நடக்குது. ஞாபகம் இருக்கா?"

இரண்டு பேரும் அவளைத் திருதிருவென்று பார்த்தார்கள். மொய்ரா கண்ணாடியில் இருந்த படத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தாள். "இவ்வளவு பெருசா? எங்க வைக்கறதா உத்தேசம்?"

"ஸ்டூவோட பழைய பால் கொட்டகைல" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மொய்ரா நெவிலை இடுப்பால் இடித்துத் தள்ளி உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வெண்ணெய் போட ஒரு தனி மூடி வைங்க. இங்க" என்று விரலால் ஒரு வட்டம் போட்டாள்.

நான் நனைந்துகொண்டே வெளியே நின்றேன். மண்டபக் கதவு திறந்து ஷோனா வந்தாள், வெள்ளைக் கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் யாருடையவோ ரப்பர் பூட்ஸ். பின்னாலேயே குடையோடு ஹோனே. "என்ன ஸ்டூ, எல்லாரும் இங்க என்ன பண்றாங்க?"

"என் கொட்டகையை எடுத்துக்கறாங்க" என்றேன்.

ஷோனா கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். பிறகு வண்டியின் கூரையில் இரண்டு கையாலும் படபடவென்று தட்டினாள். உள்ளே மூன்று பேரும் திடுக்கிட்டு அலறினார்கள். மழையில் நின்றபடி அவள் சிரித்த சிரிப்பில் பூட்ஸ் வழுக்கி, ஹோனேயைப் பிடித்துக்கொண்டு, அவனையும் சேர்த்து என்மேல் சாய்த்தாள்.